அவர் கிழித்த கோட்டுக்கு மேலே

என் கணவர் மௌத்தாகி, அவரை அடக்கி மூன்று மாதம் கழிந்த கிழமையில் மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தான். இந்த வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்ட அனுமதி கேட்கும் தாள். காணி என் பெயரில் இருக்கிறது; என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்தது. ஆகையால் என் கையெழுத்து வேண்டும். அனுமதி கொடுக்கும் அரசாங்கக் கந்தோரில்தான் என் கணவர் முன்பு வேலை பார்த்தார்; அங்கே இப்போதிருக்கும் பெரியவர் அவர் மேல் மரியாதை உள்ளவர். விசேட அனுமதியாகத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் மாத முடிவில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றம். அதற்குள் தாள் போய்ச் சேர வேண்டும்.

"உம்மா, இத விட்டா இனிக் கிடைக்கிற இல்ல," என்றான் மகன்.

எனக்குச் சந்தோஷம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக நான் கேட்டுக்கொண்டிருந்த மாடி. "என்ட கண்ணாடிய எடு," என்றேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து ஒழுங்காகப் போடுவேன். இதையும் நானேதான் கொப்பியில் எழுதுகிறேன். மகள் பிழை பார்த்துத் தருகிறாள். பிழையைத் திருத்து, பேச்சைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குக் கையெழுத்து வைக்கவில்லை. கந்தோர் ஆள் ஒருவர் வந்து, அவர் இருக்கும்போதுதான் வைக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வருவார் என்றான்.

நான் இத்தாவில் இருந்தேன். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு. அன்னிய ஆண்களுடைய முகம் பார்ப்பதில்லை. எழுபது தாண்டிய உங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு கெடுபிடி என்று மகள் கேட்டாள். என் உம்மா இருந்தார், என் மாமியார் இருந்தார், நானும் இருப்பேன் என்றேன். அறை வாசலில் ஒரு பச்சைத் திரை போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பின்பக்கத்து மண்மேடு. எட்டிக் கையை நீட்டினால் பாசியைத் தொடலாம். மழை வந்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் நான் ஓதுவது எனக்கே கேட்காது.

திரைக்கு அந்தப் பக்கம் மற்ற அறை. மகன், மருமகள், இரண்டு பேத்திகள், நாலு பேரும் அதில்தான். நடுவில் அலுமாரியை நிறுத்தி அறையை இரண்டாக்கியிருக்கிறார்கள். முன்பக்கம் தாயும் தகப்பனும், பின்பக்கம் பிள்ளைகள். மூத்தவளுக்கு இருபது நடக்கிறது. எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். கலியாணம் முடித்து அவர் பெண் வீட்டில் வந்து தங்குவதுதான் வழக்கம்; எங்களைப் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான் மகன் அதை மீறி இங்கே இருக்கிறான். எந்த மாப்பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் வந்து தங்குவார்? மாடி வேண்டும் என்று மருமகள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அவளுக்கு முன்னால் நானும் அதைத்தான் கேட்டேன்.

என் கணவர் கிளார்க்காகச் சேர்ந்து சோதனை எழுதி எழுதி மேலே வந்தவர். கடைசியில், எந்த மலையில் வீடு கட்டலாம், எதில் கட்டக்கூடாது என்று விதி எழுதும் குழுவில் ஒருவராக இருந்தார். கண்டியைச் சுற்றி எங்கே கால் வைத்தாலும் சரிவுதானே. ஒரு பெருமழைக்குப் பிறகு, மண் இறங்கிய இடமொன்றைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது சப்பாத்து முழுக்கச் சேறு. சோறு வேண்டாம் என்றார். மகளைத் தூக்கி மடியில் வைத்து நகம் வெட்டத் தொடங்கினார். பத்து விரலும் வெட்டி முடித்துவிட்டு மறுபடியும் முதல் விரலைப் பிடித்தார். "வாப்பா, வெட்டி முடிஞ்சி!" என்று பிள்ளை கையை இழுத்துக்கொண்டது. அங்கே எதைக் கண்டார் என்று கடைசி வரை என்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சோறு தின்னும் மேசையில் வரைபடங்கள் வந்தன. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் சீனி டின்னையும் ஒரு மூலையில் அரிசி அளக்கும் சுண்டையும் வைப்பார். சிவப்புப் பென்சிலால் கோடு கிழிப்பார். கோட்டுக்கு மேலே புதுக் கட்டிடம் கூடாது. இருக்கிற வீட்டில் இருக்கலாம், ஒழுகினால் அடைக்கலாம். அறை கூட்டவோ மாடி போடவோ கூடாது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றேன்.

"நம்மட வீடு இதில எங்க?"

பென்சில் நுனியால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"கோடு அதுக்குக் கீழால போகுதே!"

"ஓ."

"ஒரு விரல் மேலால போட்டா என்ன?"

"மலைக்கு யார்ட வீடுண்டு தெரியாது புள்ள."

"உங்களுக்குத் தெரியும்தானே."

சிரித்தார். தேத்தண்ணியைக் குடித்தார். கோட்டை மாற்றவில்லை.

அவர் அப்படித்தான். ஒரு தரம் யாரோ ஒருவர், அவர் இல்லாத நேரம் பார்த்து, ஒரு வாழைக்குலையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். தெல்தெனியப் பக்கத்து ஆள், ஏதோ காரியமாகக் கந்தோருக்கு வந்துபோகிறவர். இவர் மறுநாளே லீவு போட்டு அந்தக் குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். கொண்டக்டர் குலைக்கும் டிக்கெட் எடுங்க என்றாராம். எடுத்தாராம். அங்கே போனால் அந்த ஆள் வீட்டில் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது. நன்றாகப் பழுத்த குலையை வாசலில் விட்டால் குரங்கு தின்றுவிடும் என்று திரும்பக் கொண்டுவந்தார். மறுபடியும் டிக்கெட். நானும் பிள்ளைகளும் பழத்தைப் பார்த்தோம், அவர் முகத்தைப் பார்த்தோம். ஒரு பழம் கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாள் மறுபடியும் குலை பஸ் ஏறிப் போனது.

இதைச் சொல்லி ஊரெல்லாம் சிரிக்கும், எனக்கும் பெருமைதான். ஆனால் பழம் தின்னாத பிள்ளைகளுக்கு உம்மா நான்.

குடும்பத்தைக் கவனிக்காத மனிதர் என்று யாரும் நினைக்கக் கூடாது. எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது ஒரு மாதம் கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, மகளுக்குக் கோணல்மாணலாகப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் கந்தோருக்குப் போனார். என் உடுப்பையும் அவர்தான் கழுவினார். எங்கள் தெருவில் அப்படி ஒரு ஆம்பிளையை நான் கண்டதில்லை.

மகளுக்குச் சம்பந்தம் வந்தபோதுதான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. நல்ல இடம், படித்த மாப்பிள்ளை. வீடு எங்கே என்று கேட்டார்கள். மேலே ஒரு மாடி போட்டுத் தருகிறோம் என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். ஆட்கள் போன பிறகு, "ஏலாத ஒண்ட ஏன் சென்ன?" என்றார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து, "இந்தா, வை," என்றார். வைத்தேன். என் கையெழுத்தை அன்று போல் அழகாக நான் ஒருநாளும் வைத்ததில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஆளனுப்பிக் கேட்கும்போதெல்லாம், தாள் போட்டிருக்கு, பதில் வரட்டும் என்பேன். அவரிடம் கேட்டால், "போட்டிருக்குதானே," என்பார். ஒருநாள் தொப்பியைக் கழற்றியபடியே, "அது சரிவரல்ல," என்றார். சம்பந்தம் போனது. மகளைப் பிறகு கெலிஓயாவில், தங்கள் வீட்டுக்கே கூட்டிப் போகச் சம்மதித்த ஒரு குடும்பத்தில் கொடுத்தோம். நல்ல ஆட்கள்தான். ஆனால் எங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போனால், அவள் கை நீட்டும் சோறுகூட மாமியார் பார்த்துப் போட்டதாகத்தான் இருக்கும். அது எனக்கு நெஞ்சில் முள்.

அந்தக் காலத்தில் கந்தோரில் மேலே இருந்தவர் ஒரு சிங்கள மனிதர். பெரிய மஹத்தயா என்போம், பெரிய துரை என்கிற மாதிரி. அவர்தான் கையெழுத்து வைக்காமல் விட்டிருப்பார் என்று நானாக முடிவு செய்தேன். என் கணவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எத்தனை வருடம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இவர் மௌத்தான வீட்டுக்கு, தடியை ஊன்றிக்கொண்டு அவர் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று சிங்களத்தில் ஆறுதல் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு ஒரு பிளேன்டி ஊத்திக் கொடுங்க என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கந்தோர் ஆள் வந்தார். அவர் டவுனில் இருக்கிற தமிழ் ஆள், சைவ சமயம். என் கணவருக்குக் கீழே வேலை பழகி, அவரை சேர் என்றே கூப்பிட்டவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. எத்தனையோ முறை என் கையால் தேத்தண்ணி குடித்திருக்கிறார். அன்று திரைக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, சொகமா இருக்கீங்களா? சேர் இல்லாத வீட்டுக்கு வர்றதுக்கே கால் வரலம்மா."

"இரிங்க. புள்ள, தேத்தண்ணி ஊத்து," என்றேன் மருமகளுக்கு.

"பழைய பைலையும் கொண்டாந்திருக்கேன். முந்தி ஒரு தடவை போட்டு நிராகரிச்சிருக்கே, அதையும் இதோட சேக்கணும். அதுல சேர் எழுதினது இருக்கும்மா. நீங்க கேக்கணும். இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்காங்க!"

சிங்களத்தில் எழுதியிருந்ததை அவர் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். முதலில் பெரிய மஹத்தயா எழுதியிருக்கிறார்: நம் உத்தியோகத்தரின் சொந்த வீடு, மகளின் கலியாணத் தேவை, அனுமதிக்கலாம். அதற்குக் கீழே என் கணவர்: கோட்டுக்கு மேலே உள்ளது, விதியில் விலக்கு இல்லை, நிராகரிக்க. பெரிய மஹத்தயா திருப்பி அனுப்பியிருக்கிறார்: மறுபடி யோசிக்கவும். அதற்குக் கீழே மறுபடியும் என் கணவர்: யோசித்தேன். நிராகரிக்க.

"பாத்தீங்களாம்மா? தன் வீட்டுக்கே!" என்றார் அவர்.

"தாள் போட்டு எத்தின நாளைக்குப் பொறகு இத எழுதின?" என்று கேட்டேன்.

தாளைப் புரட்டும் சத்தம். "முதல்ல எழுதினது அதே கெழமைம்மா. ரெண்டாவது அடுத்த கெழமை."

நாங்கள் காத்திருந்தது எட்டு மாதம்.

திரை கொஞ்சம் விலகியது. மகனின் கை தாளோடும் பேனையோடும் உள்ளே வந்தது. "உம்மா, இந்த இடத்தில வைங்க."

பேனையை வாங்கினேன். ஆத்திரத்தில் அந்தத் தாள் கிழிகிற மாதிரி வைத்திருப்பேன். ஆனால் எழுத்து ஒழுங்காக வராது என்று தெரிந்தது. கோணல் கையெழுத்தை அந்தக் கந்தோருக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை. "இத்தாவில ஈக்கிற பொம்புளை கையெழுத்து வைக்கிற இல்ல," என்று சொல்லிப் பேனையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்படி ஒரு சட்டம் மார்க்கத்தில் இல்லை. எனக்கும் தெரியும். கந்தோர் ஆள் பாவம், "சரிம்மா, சரிம்மா, நான் அடுத்த வெள்ளி வாறேன்," என்று எழுந்து போனார். மகன் அன்றே பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் எடுத்துக் கேட்டு, கையெழுத்து வைக்கத் தடையில்லை என்று வந்து சொன்னான்.

அந்த ஒரு கிழமை எப்படிப் போனது என்று சொல்வது கஷ்டம். பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். "உங்கட ஹஸ்பன்ட் மாதிரி நேர்மையான மனுஷன் இல்ல," என்பார்கள். நான் தலையாட்டினேன். எட்டு மாதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, போட்டிருக்குதானே, போட்டிருக்குதானே. ஏலாது என்று சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அதற்குத்தான் பயந்தாரா? மலைக்குப் பயந்தவர் எனக்குமா பயந்தார்? கேட்க ஆள் இல்லை. அவருக்காக வெள்ளை உடுத்து, அவருக்காகக் குர்ஆனில் யாசீன் ஓதி, அவரோடுதான் மனதுக்குள் சண்டையும் பிடித்தேன். கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கி நடந்தால் கொஞ்சம் ஆறும். அதுவும் ஏலாது. அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் ஏழு காலடி. அதையே நடந்தேன். பெரிய மஹத்தயாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது, எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் அதற்குச் சொல் இருக்கிறதா என்றும் யோசித்தேன்.

எங்களுக்கு மேலே, சரிவில் அடுத்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், தையல் தைக்கிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள்; எங்களில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி என்னைத் தாத்தா என்பாள். அவளும் அந்தக் காலத்தில் ஓர் அறை கூட்டத் தாள் போட்டுக் கிடைக்காமல் போனவள். என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "எங்களுக்கே தரல்ல புள்ள, மேல ஈக்கிறவங்க விடுறாங்க இல்ல," என்று நான் அவளுக்குச் சொன்னேன். இத்தாவில் நாளும் கஞ்சி கொண்டுவருகிறவள் அவள்தான். விஷயத்தை அவளிடம் சொன்னேன், விசேட அனுமதி என்று.

"போடுங்க தாத்தா, போடுங்க," என்றாள். "உங்கட மாடி எங்கட வாசலுக்கு நேராத்தான் வரும். நான் மொளகா காயப் போட ஒரு இடமாச்சி."

"உனக்குக் கோவமில்லையா?"

"கோவம் வந்தா கஞ்சில உப்பக் கூட்டிப் போடுவேன். ருசி பாருங்க."

உப்பு சரியாகத்தான் இருந்தது. போகும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: "போன மழைக்கு எங்கட பின் சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கு தாத்தா. கல்லு மண்ணு ஏத்தக்குள்ள மெதுவா ஏத்தச் சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை கந்தோர் ஆள் வந்தார். மகனும் மருமகளும் திரைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பேத்திகளும் கூட. பேனையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

"தம்பி, ஒண்டு கேக்குறேன், பொய் செல்லாம செல்லுங்க. அந்தக் கோடு சரியா, பிழையா?"

"சேர் போட்ட கோடும்மா, அதுல..."

"சேர விடுங்க. அவர் மௌத்து. நான் மலையப் பத்திக் கேக்குறேன். நீங்க ஏறிப் பாத்த ஆள்தானே."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரியான கோடும்மா. இன்னைக்கு நான் போட்டா இன்னும் கீழதான் போடுவேன். முந்தி மாதிரி மழையா இப்ப பேயுது?"

"அப்ப எப்படி மாடிக்கு விடுறீங்க?"

"நாங்க எங்கம்மா விடுறோம், பெரியவரு தராரு. சேரோட குடும்பத்துக்கு ஒரு மரியாதை."

"மரியாதைண்டா ஒரு மாலையப் போட்டுட்டுப் போங்க. சரியிற மலையில எங்கட தலைக்கு மேல கொங்கிரீட்டு ஏத்துறதா மரியாதை?"

"உம்மா!" என்றான் மகன்.

"எனக்கு மாடி வேணும்," என்றேன். "உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் வேணும். அவர் செஞ்சதுக்கு அவர அடக்கின கபுறுக்கு நேரா நிண்டு இதில கையெழுத்து வைப்பேன். ஆனா மாடிக்குக் கீழ படுக்கிற என்ட புள்ளைகள்தானே."

பேனையைத் திரைக்கு அடியால் வெளியே வைத்தேன். கந்தோர் ஆள் பைலைக் கட்டினார். வாசலில் நின்று, "போயிட்டு வாறேம்மா," என்றார். நானும் "வாங்க," என்றேன்.

மகன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "வாப்பா ஹயாத்தோட ஈக்கக்குள்ளயும் ஏலாது. மௌத்தான பொறகும் ஏலாதா?" என்றான். அவன் வாப்பாவைப் போல நானும் ஆகிவிட்டேன் என்று அவன் நினைக்கிறான். எனக்கு அது பெருமையாகவும் இல்லை. இந்தக் காணியை விற்று வேறு இடம் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். கோட்டுக்கு மேலே உள்ள காணியை யார் வாங்குவார்? கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது.

மாதம் முடிந்தது. பெரியவர் மாறிப் போய்விட்டார். இத்தா முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அது முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கலகெதரயிலிருந்து மூத்த பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நேற்று மருமகள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் திரையை விலக்கி அவளைக் கூப்பிட்டேன்.

"வாறவங்களோட நான் பேசுறேன். வீடு இல்ல, மாடி வாற இல்ல, புள்ளய நீங்க கூட்டிட்டுப் போங்கண்டு நேராவே செல்லுறேன். உன்ட மாமா மாதிரி எட்டு மாசம் காக்க வைக்கிற இல்ல."

"அப்படிச் சென்னா அவங்க ஏன் நம்மட புள்ளய எடுக்கிற மாமி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மடித்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. பிறகு போய்விட்டாள்.